கை தூக்கச் சொன்னால் எல்லாக் கையும் ஏன் தூக்குகிறது?

மூடுபனி (இழையைத் தொடங்கியவர்)

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துக் கூட்டம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கோயில் வாசலில் அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். தலைவர் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "என்ன சொல்றீங்க, சரிதானே?" என்பார். முன்வரிசையில் நாலு கை எழும்பும். கொஞ்ச நேரத்தில் அறுபதும் எழும்பும். கூட்டம் கலைந்து லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) வாசலுக்கு ஏறும் படியிலேயே முணுமுணுப்பு: "நான் எங்க ஒத்துக்கிட்டேன்?" திருவிழா வரி, கொழுந்து நிறுக்கும்போது கழிக்கிற கிலோ, ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இறங்குவதா இல்லையா, எதை எடுத்தாலும் இதே கதைதான்.

இதற்கு நம்மாட்களே சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு: "நம்ம சனத்துக்கு அடிமைப்புத்தி போகல." எனக்கு அது சரியாகப் படவில்லை. கூட்டத்தின் அழுத்தம், அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல் பற்றி 1950, 60களில் நடந்த பரிசோதனைகள் உண்மையில் என்ன காட்டின? முகநூலில் சுற்றும் துணுக்கு வேண்டாம். எத்தனை பேர், என்ன ஏற்பாடு, எதை மாற்றியபோது எது மாறியது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். அதை வைத்துக் கூட்டத்தை எப்படி நடத்தலாம் என்றும் பேசலாம்.

*

கோடும்கோலும்

முதலில் அமெரிக்க உளவியலாளர் சொலமன் ஆஷ் 1950களில் செய்தது. ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள், அவற்றில் ஒன்று முதல் அட்டையின் நீளம். எது என்று ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அறையில் ஏழு முதல் ஒன்பது பேர். ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் முன்பே சொல்லிவைத்த ஆட்கள். அந்த ஒருவரைக் கடைசிக்கு முந்திய இடத்தில் உட்காரவைப்பார்கள், அதனால் தன் முறை வருமுன் மற்றவர்களின் பதில் காதில் விழுந்துவிடும். 18 சுற்று. அதில் 12 சுற்றில் கூட்டம் ஒரே குரலில் தவறான பதிலைச் சொல்லும்.

தனியாகக் கேட்டால் 100இல் ஒரு பதில்கூடப் பிழைக்காத சுலபமான வேலை அது. கூட்டத்தோடு கேட்டபோது 123 பேரின் பதில்களில் 36.8 சதவீதம் கூட்டத்தின் பிழையோடு போனது. நான்கில் ஒருவர் ஒரு தடவையும் வளையவில்லை. இந்த இரண்டாவது தகவலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கண்ணெதிரே தெரிவதைச் சொன்ன பதில்கள்தான் அங்கும் பெரும்பான்மை.

மூடுபனி கேட்டதற்குப் பதில் அடுத்த எண்களில் இருக்கிறது. எதிரே ஒருவர் மட்டும் தவறாகச் சொன்னால் அனேகமாக ஒன்றும் நடக்காது. இருவர் சொன்னால் 13.6 சதவீதம் பிழை. மூவர் என்றால் 31.8. அதற்கு மேல் கூட்டத்தைப் பெருக்கினாலும் பெரிய ஏற்றம் இல்லை. அறுபது கையையும் தூக்கவைக்க முன்வரிசையின் நாலு கை போதும் என்பது இதுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொல்லிவிட்டால் பிழை முன்பிருந்ததில் சுமார் கால்வாசிக்கு இறங்கியது. அந்த ஒருவர் நடுவில் கட்சி மாறிப் பெரும்பான்மையோடு சேர்ந்ததும் பிழை மறுபடி ஏறியது.

பின்னால் 1955இல் டொய்ச், ஜெராட் என்ற உளவியலாளர்கள் இதை இரண்டாகப் பிரித்தார்கள். "அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று நம்பி ஒத்துக்கொள்வது ஒன்று. "தனியா நின்னா என்ன நினைப்பாங்க" என்று ஒத்துக்கொள்வது மற்றொன்று. படியில் முணுமுணுப்பவர் இரண்டாவது வகை. அவர் மனம் மாறவில்லை, கை மட்டும்தான் மாறியது.

*

கொழுந்துக்கூடை

வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கிறேன். அந்த அமெரிக்கப் பொடியன் தப்பா சொல்லாம நேராச் சொன்னா அவனுக்கு என்ன நட்டம்? நாலு பேர் ஒரு மாதிரிப் பாப்பாங்க, அவ்வளவுதான். இங்க அப்படி இல்ல.

ஒரு நாள் கொழுந்து எடுக்கிற பொம்பளைக்கு யார் யார் தயவு வேணும்னு எண்ணிப் பாருங்க. காலையில பெரட்டுக்களத்துல எந்த மலைன்னு பிரிச்சு விடுறது ஒருத்தர். நல்ல நிறையா (தேயிலைச் செடி வரிசை), புல்லு மண்டிக் கிடக்கிற நிறையா என்கிறதுல அன்னிக்குக் கிலோவே மாறிடும். நிறுக்கிறது ஒருத்தர். சாக்குக்கு, ஈரத்துக்குன்னு கழிக்கிறது அவர் வாயில இருக்கு. கிலோ குறைஞ்சா அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். பேர் போடுறது கணக்கப்பிள்ளை. காம்பரா (லயத்து வீடு) கூரைத் தகரம் ஒழுகுதுன்னா எழுதிக் குடுக்கிறது தலைவர், பாஸ் பண்றது தோட்டத்து மனேஜர் தொர. இவ்வளவு பேர்ல ஒருத்தரோட மூஞ்சி கோணினாலும் அடுத்த மாசம் தெரியும். கோட்டுக் கணக்கு இதை அளக்குமா?

*

கோடும்கோலும்

அக்கா சொல்வது நியாயம். ஆஷின் அறையில் தண்டனையே கிடையாது. தண்டனை இல்லாமலேயே மூன்றில் ஒரு பங்கு பதில் வளைந்தது என்பதுதான் அதன் பாடம். நீங்கள் சொல்லும் ஏற்பாட்டில் வளைவு அதைவிடக் கூடுதலாக இருந்தால் வியப்பில்லை. அதைப் புத்தி என்று சொல்வது பிழை, அது கணக்கு.

அதிகாரப் படிகள் பற்றிய கேள்விக்கு உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் மின்னதிர்ச்சிப் பரிசோதனைதான் பொருத்தம்.

*

நானுஓயா_மேல்பாதை

மில்கிராமை நான் எடுத்துக்கொள்கிறேன். அதைப் பற்றித்தான் கூடுதலாகப் பிழை சுற்றுகிறது.

1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, 1963இல் முதல் கட்டுரை. முதல் தொகுதியில் 40 ஆண்கள், 20 முதல் 50 வயது. பத்திரிகை விளம்பரம் பார்த்து வந்தவர்கள், கூலி நாலரை டொலர். "ஞாபகசக்தி ஆராய்ச்சி" என்று சொல்லி, பக்கத்து அறையில் இருப்பவர் பிழையாகப் பதில் சொன்னால் மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். பொறியில் 30 விசைகள். 15 வோல்டில் தொடங்கி ஒவ்வொரு பிழைக்கும் 15 ஏறி 450 வரை. உண்மையில் அந்தப் பக்கம் மின்சாரம் போகவே இல்லை. பரிசோதனை நடத்தியவர் போட்டிருந்தது சாம்பல் நிற மேலங்கி. வெள்ளைக் கோட் என்று எழுதுகிறவர்கள் மூலத்தைப் படிக்கவில்லை.

40 பேரில் 26 பேர் 450 வரை போனார்கள். துணுக்குகள் இதோடு நின்றுவிடும். மில்கிராம் நிற்கவில்லை, ஏற்பாட்டை மாற்றி மாற்றிப் பார்த்தார். அங்கேதான் சரக்கு இருக்கிறது.

அடிபடுகிறவரை அதே அறைக்குக் கொண்டுவந்தபோது கடைசி வரை போனவர்கள் 40 சதவீதம். அவர் கையைப் பிடித்துத் தகட்டில் அழுத்த வேண்டும் என்றபோது 30. கட்டளை இடுகிறவர் வெளியே போய்த் தொலைபேசியில் சொன்னபோது ஐந்தில் ஒருவர்தான். அதிலும் சிலர் "ஏத்திட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டுச் சின்ன விசையையே தட்டினார்கள். பக்கத்தில் இருந்த இருவர் "எங்களால் முடியாது" என்று எழுந்தபோது 40இல் 4 பேர். கட்டளையிடும் இருவர் தங்களுக்குள் முரண்பட்டபோது ஒருவரும் கடைசி வரை போகவில்லை. மாறாக, விசையை வேறொருவர் தட்ட, இவர் பக்க வேலை மட்டும் பார்த்தால் போதும் என்றபோது 40இல் 37 பேர் கடைசி வரை இருந்தார்கள்.

கடைசி எண்ணைத் தோட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கழிக்கச் சொன்னவர் மலையில் இல்லை. நிறுப்பவர் "மேல சொன்னாங்க" என்கிறார். எழுதுபவர் "நிறுத்ததைத்தான் எழுதினேன்" என்கிறார். மேலே உள்ளவர் கூடை தூக்கியவளின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. யாரும் விசையைத் தட்டவில்லை, அரைப்பேர் மட்டும் விழுந்துவிட்டது.

15 வோல்ட் படியும் அப்படித்தான். முதல் நாளே ஐந்து கிலோ கழித்தால் மலையே கத்தும். ஒரு கிலோவில் தொடங்கி, மழைக்காலத்தில் இரண்டாகி, மழை விட்டபிறகும் இரண்டாகவே நின்றால்? ஒன்றுக்குப் பேசாதவர் இரண்டுக்கு எதைச் சொல்லிப் பேசுவார்? "அப்ப ஏன் சும்மா இருந்தே" என்ற கேள்வி வாயை அடைத்துவிடும். எந்தக் கழிவானாலும் அதைக் கேட்க வேண்டிய நாள் முதல் நாள்தான்.

இன்னொன்று. தயங்கியவர்களிடம் சொல்ல நாலு வாசகம் வைத்திருந்தார்கள், மென்மையாகத் தொடங்கி இறுகும். நாலாவது, "உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆகவேண்டும்." பர்கர் 2009இல் வெளியிட்ட மறுஆய்வில் (150 வோல்டோடு நிறுத்திக்கொண்டார்) அந்த நாலாவது வாசகம்வரை போனவர்களில் ஒருவர்கூடத் தொடரவில்லை. பச்சைக் கட்டளைக்கு மனிதர்கள் முரண்டுபிடிக்கிறார்கள். "ஆராய்ச்சிக்கு இது தேவை" என்பதற்குத்தான் இணங்குகிறார்கள். அதனால் ஹாஸ்லம், ரைக்கர் போன்ற உளவியலாளர்கள் இதை வெறும் கீழ்ப்படிதல் என்று ஒப்புவதில்லை. ஒரு நல்ல காரியத்தில் பங்கெடுக்கிறோம் என்ற நம்பிக்கை என்கிறார்கள். "தோட்டம் நட்டத்துல ஓடுது, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்ற பேச்சு, அதட்டலைவிட ஏன் நன்றாக வேலை செய்கிறது என்று யோசியுங்கள்.

*

பச்சைத்தண்ணி

அப்ப ஸ்டான்போர்ட் சிறை? சீருடை போட்டாலே மனுசன் மிருகமாயிடுவான்னு அதுலதான் நிரூபிச்சாங்களே. கங்காணிக்குக் கம்பு குடுத்ததும் அதே மாதிரிதான்.

*

நானுஓயா_மேல்பாதை

தம்பி, அதை ஆதாரமாக வைக்காதீர்கள். 1971 ஓகஸ்ட், 24 மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து நடத்திய போலிச் சிறை, நாளுக்கு 15 டொலர், இரண்டு வாரம் என்று திட்டமிட்டு ஆறு நாளில் நிறுத்தியது. காவலர்கள் தானாகவே கொடுமைக்காரர்கள் ஆனார்கள் என்பதுதான் அதன் பெயர்பெற்ற முடிவு. ஆனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தது பிறகு ஆவணங்களில் வெளிவந்தது. சொல்லிக்கொடுத்துச் செய்தால் அது கட்டளையின் கதை, கம்பின் கதை அல்ல.

*

லயத்துவிளக்கு

கங்காணி என்றதால் கொஞ்சம் பின்னால் போகிறேன். "அடிமைப்புத்தி" என்கிறவர்கள் இதை வாசிக்க வேண்டும்.

பெரிய கங்காணி இந்தியாவில் ஆள் சேர்த்து, வழிச்செலவைக் கடனாக எழுதி, அதே ஆட்களை வேலைக்கு இறக்கினார். இறங்கிய தலைக்கு இத்தனை என்று அவருக்குக் காசு. ஊர், உறவு, சாதி, கடன், வேலை, ஐந்தும் ஒரே ஆள் கையில். தோட்டம் மாற வேண்டுமானால் துண்டு வேண்டும்: கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்பதாகத் தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டு. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும், கடன் ஆளோடு கூடப்போகும். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. வெளியேற வாசல் இல்லாத இடத்தில் எதிர்த்துப் பேசாததைக் குணம் என்று எழுதுவது எழுதுகிறவரின் வசதி.

அதே சனம்தான் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கியபோது சேர்ந்தது. அவர் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டங்களில் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். ஆஷின் கணக்கில் பார்த்தால், "நான் மட்டும்தான் இப்படி நினைக்கிறேனோ" என்று வாய்மூடி இருந்தவர்களுக்கு எதிர்க்குரல் முதலில் காதில் விழுந்தது அந்தப் பாட்டில். 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரால் சுடப்பட்டபோது அந்தத் தோட்டம் வேலைநிறுத்தத்தில் இருந்தது. துண்டு ஒழிந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. புத்தி அவ்வளவு சீக்கிரம் மாறுமா? மாறியது ஏற்பாடு.

*

வார்டு_நம்பர்_இல்லை

வைத்தியசாலைப் பக்கத்து உதாரணம் ஒன்று. ஹொஃப்லிங் குழு, 1966, அமெரிக்கா. முன்பின் தெரியாத "டொக்டர்" ஒருவர் வார்டுக்குத் தொலைபேசி எடுத்து, ஒரு நோயாளிக்கு 20 மில்லிகிராம் மருந்து கொடுக்கச் சொல்கிறார். பெட்டியில் நாளுக்கு அதிகபட்சம் 10 என்று அச்சிட்டிருக்கிறது. தொலைபேசி உத்தரவில் மருந்து கொடுப்பதே விதிக்குப் புறம்பு. 22 தாதியரில் 21 பேர் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். (மருந்து போலி, வழியில் நிறுத்திவிட்டார்கள்.)

1977இல் ராங்கும் ஜேக்கப்சனும் இரண்டை மாற்றினார்கள்: தாதியருக்குப் பழக்கமான மருந்து, பக்கத்தில் ஆலோசனை கேட்கச் சக தாதியர். 18 பேரில் 2 பேர்தான் கொடுக்கப் போனார்கள்.

மலைக்கும் இதையே சொல்வேன்: விஷயம் தெரிந்திருக்க வேண்டும், கேட்க இன்னொருவர் பக்கத்தில் வேண்டும். கேட்ட உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வது வார்டில் பழகவேண்டிய பழக்கம். தராசடியிலும் செய்யலாம். "பதினெட்டரை, கழிவு ரெண்டு, பதினாறரை, சரியா?" என்று சத்தமாகச் சொல்லி அவர் முன்னாலேயே எழுதுவது சண்டை இல்லை.

*

கொழுந்துக்கூடை

அதோட இதையும் சேருங்க. வெறுஞ்சாக்கை முதல்ல அதே தராசுல போட்டு நிறுக்கச் சொல்லணும். "கழிக்காதீங்க"ன்னு கேட்டா வம்பு, "சாக்கு எவ்வளவுன்னு பாப்போம்"னா அது வெறும் கேள்வி. தனியாப் போயி நிக்கக் கூடாது. ரெண்டு பேர் முதல் நாள் ராத்திரியே பேசி வச்சுக்கணும், ஒருத்தி கேட்டதும் மத்தவ "எனக்கும் பாருங்க"ன்னு சொல்லணும். காலையில வந்து "நீயும் சொல்லு"ன்னா சொல்ல மாட்டாங்க.

*

கோடும்கோலும்

அதற்கும் ஆய்வு இருக்கிறது அக்கா. மொஸ்கோவிச்சி, 1969. ஆறு பேரில் முன்பே சொல்லிவைத்த இருவர் நீல நிறப் படத்தைப் பச்சை என்று ஒவ்வொரு முறையும் மாறாமல் சொன்னபோது மற்றவர்களின் பதிலில் 8.42 சதவீதம் பச்சையானது. அந்த இருவர் சில முறை பச்சை, சில முறை நீலம் என்று தடுமாறியபோது 1.25 சதவீதம்தான். சிறுபான்மைக்குக் கிடைக்கும் எண் சிறியது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் கிடைப்பது மாறாமல் சொல்வதால் மட்டுமே. ஒரு நாள் கேட்டுவிட்டு மறுநாள் விட்டால் கேட்காததுக்குச் சமம்.

*

பழைய_கமிட்டி

கூட்டம் நடத்தும் விஷயத்துக்கு வருகிறேன். எழுத்துச் சீட்டு வேண்டாம். பேனை பத்தாது, எழுதத் தெரியாதவர் அடுத்தவரிடம் கொடுப்பார், கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். தானியம் நல்லது.

ஆளுக்கு ஒரு சோளம், ஒரு கௌபி (தட்டைப்பயறு). அறுபது பேர் என்றால் அறுபது அறுபது எண்ணி எடுங்கள், குத்துமதிப்பாக அள்ளிக் கொடுக்காதீர்கள். இரண்டு வாய் ஒடுங்கிய குடம். ஒன்று முடிவுக் குடம், மற்றது கழிவுக் குடம். சோளம் சம்மதம், கௌபி சம்மதமில்லை. மூடிய கையோடு போய், விருப்பத்தை முதல் குடத்திலும் மிச்சத்தை இரண்டாவதிலும் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டும். மிச்சம் கையில் இருந்தால் வெளியில் வைத்து "காட்டு" என்பார்கள். கடைசியில் முதல் குடத்தில் அறுபது, இரண்டிலும் சேர்த்து நூற்றிருபது இருக்க வேண்டும். குறைந்தால் மறுபடி நடத்துங்கள்.

எங்கே பிழைக்கும்? குடத்தடியில் கமிட்டி ஆள் நின்றால் எல்லாம் வீண்; துணி மறைப்புக்கு வெளியே நிற்கட்டும். எது சோளம் எது கௌபி என்று குழம்புவார்கள். அதனால் "நாளைக்கு மழை பெய்யுமா" என்று ஒரு ஒத்திகை வையுங்கள், சிரிப்போடு பழகிவிடும். ஒரே கேள்வியில் இரண்டைப் போடாதீர்கள்: "வரி இரண்டாயிரம், திருவிழா சித்திரையில்" என்றால் எதற்குச் சோளம் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. பத்துப் பேருக்குள் என்றால் இந்த முறை உதவாது, யார் போட்டார் என்று ஊகித்துவிடுவார்கள்.

வாக்கைவிட அதற்கு முந்திய அரைமணி முக்கியம். தலைவர் கடைசியில் பேச வேண்டும். அவர் முதலில் பேசினால் பிறகு வருவது எல்லாம் பின்பாட்டு. ஐந்து நிமிஷம் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டிரண்டு பேராகப் பேச விடுங்கள். தனக்கு மட்டும்தான் ஒப்பவில்லை என்று நினைத்தவர் பக்கத்திலும் அதே ஆள் இருப்பதைக் கண்டுகொள்வார். "ஆட்சேபம் உள்ளவங்க கை தூக்குங்க" என்று மட்டும் கேட்கவே கூடாது. அது ஒற்றை ஆளைப் பந்தலில் நிறுத்துவது. வரிப் பட்டியலையும் பெரிய தொகை எழுதியவர் பெயரோடு தொடங்காதீர்கள், முதல் மூன்று தொகைதான் மற்ற எல்லாருக்கும் விலை வைக்கும்.

*

சிவப்புத்துண்டு

எனக்கு ஒரு சந்தேகம். வேலைநிறுத்தத்தையும் குடத்தில் போடுவீர்களா? அங்கே கையைத் தூக்கி எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டால்தான் மறுநாள் எவனும் பின்வாசலால் வேலைக்குப் போகமாட்டான். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இல்லாவிட்டால் சாவு வீட்டுக்குக்கூட ஆள் சேராது. அழுத்தம் எல்லாமே கெட்டது என்று பேசாதீர்கள். ஏழைக்கு அதுதான் ஆயுதம்.

*

பழைய_கமிட்டி

ஒத்துக்கொள்கிறேன். முடிவை மறைவில் எடுங்கள், எடுத்த முடிவைப் பகிரங்கமாகக் காப்பாற்றுங்கள். அறுபதில் முப்பத்திரண்டு சோளம் என்று தெரிந்தால் வேலைநிறுத்தம் நாலாம் நாள் உடையும் என்று முன்கூட்டியே தெரியும். கையைத் தூக்கச் சொன்னால் அறுபது என்று நம்பி இறங்கி, நாலாம் நாள்தான் அந்த இருபத்தெட்டைப் பார்ப்பீர்கள்.

*

கொழுந்துக்கூடை

எல்லாம் சரி, கூட்டம் எத்தனை மணிக்கு? வேலை விட்டு அஞ்சு மணிக்கு வச்சா பொம்பளைங்க தண்ணிக்கும் அடுப்புக்கும் போயிருப்பாங்க. அறுபது பேர்னு நீங்க எண்ணுறதுல எத்தனை பொம்பளை? கொழுந்து எடுக்கிறது நாங்க, கையைத் தூக்குறது அவங்க. வீட்டுக்கு ஒரு தானியம்னு குடுத்தா அது ஆம்பளை கைக்குத்தான் போகும். ஆளுக்கு ஒண்ணு குடுக்கணும், புருசன் பொஞ்சாதி தனித்தனியா வரிசையில வரணும்.

*

மூடுபனி

அக்கா சொன்னதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஞாயிறு பின்னேரம் மூன்று மணி என்று வைத்துக்கொள்வோம், ஆளுக்கு ஒரு சோடி. பழைய_கமிட்டி அண்ணே, ஒரு கேள்வி: சோளம் விழும் சத்தமும் கௌபி விழும் சத்தமும் வேறு இல்லையா? தகரவாளி என்றால் வெளியே நிற்கிறவருக்குக் கேட்குமே.

*

பழைய_கமிட்டி

கேட்கும். தகரம் வேண்டாம், மண்குடம் எடுங்கள். அடியில் பழைய சேலைத்துணியை நாலாக மடித்துப் போடுங்கள். தவிடு போடாதீர்கள், எண்ணுவதற்குச் சலிக்க வேண்டிவரும்.